கதவுக்குச் சொன்ன மணி

அந்த வெண்கல மணி இப்போது வாசல் கதவில் தொங்குகிறது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். ராயப்பன்பட்டியில் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது.

அந்த வீட்டுப் பெரியவர் திராட்சை விவசாயி. அவருக்கு மறதி நோய் என்று தெரிந்ததும், எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா, நர்ஸான நான், அவர், அவருடைய மகன் எல்லோரும் உட்கார்ந்து, இனி அவரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசினோம். நோய் முற்றினால் திடீர் திடீரென்று எழுந்து வெளியே நடந்துவிடுவார் என்று டாக்டரம்மா விளக்கினார். அதுவரை யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் இருந்த பெரியவர் நிமிர்ந்தார். "என்னைய அடைச்சு மட்டும் போட்டுறாதீக" என்றார். மகன் அவர் கையைப் பிடித்து "சரிப்பா" என்றார். பூட்டு வேண்டாம், கதவில் ஒரு மணி கட்டுங்கள், சத்தம் கேட்டால் யாராவது கூடப் போங்கள், தோட்டம் வரை நடந்தால் அமைதியாகத் திரும்பிவிடுவார் என்று நான் சொன்னேன். அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் போனபோது மணி பெரியவரின் இடுப்பில் இருந்தது. எப்போதோ விற்றுவிட்ட காளையின் மணி, அதே பழைய கயிறு. கதவில்தானே கட்டச் சொன்னேன் என்று மகனிடம் கேட்டேன்.

"கதவுல கட்டுனா வாசலத் தாண்டுறதுதான சிஸ்டர் தெரியும்? இப்ப அப்பா எங்கன போறாகன்னு வீட்டுக்குள்ள இருந்தே கேட்டுக்கிறோம். அடைச்சா போட்டுட்டோம்?"

'போறாக' என்றார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நானே கயிற்றை அவிழ்த்தேன். டாக்டரம்மாவும் ஒரு நாள் வந்து சத்தம் போட்டுப் பார்த்தார். நாங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் மணி மறுபடி கேட்டது.

அதைவிடக் கொடுமை, சத்தம் தன் இடுப்பிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. "ஏலே, காளை அவுத்துக்கிட்டுப் போகுதுடா, பிடிங்க" என்று எழுந்து தேடுவார். நடக்க நடக்க மணி அடிக்கும். இன்னும் வேகமாக நடப்பார். ஒரு மத்தியான வெயிலில் அப்படித் தேடிப் போனவர்தான் வாய்க்காலில் விழுந்து செத்துப்போனார். மணிச் சத்தம் கேட்டதாகத் தெருவே சொன்னது. வீட்டுக்குள்ளும் கேட்டிருக்கிறது. எழுந்து கூடப் போகத்தான் ஒருவரும் இல்லை.

காரியம் முடிந்த பிறகு மகன் என்னை நிறுத்தி, "நீங்க சொன்னபடியே கதவுல கட்டிட்டோம் சிஸ்டர்" என்றார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது யாரோ விருந்தாளி வந்து மணியை அடித்தார். முதல் சத்தத்திலேயே ஓடி வந்து கதவைத் திறந்தார்கள்.