ஏழுமலை மாமாவும் என் கேட்டை நட்சத்திரமும்

மணவாள நகரிலிருந்து போன் வந்தது. என் கணவரின் அண்ணன் ஏழுமலை மாமா மாரடைப்பில் போய்விட்டார். அழுகை வருவதற்கு முன்பே எனக்குப் பயம் வந்துவிட்டது. அதற்குக் காரணம் என் நட்சத்திரம். நான் விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்தவள் மருமகளாக வந்தால் கணவனின் அண்ணன் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

அந்தப் பேச்சிலேயே எனக்கு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போயின. இந்த வீட்டிலும் மாமியார் வேண்டாம் என்றுதான் சொன்னார். மாமா அப்போது கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னாராம்: "நட்சத்திரம் அது பாட்டுக்கு மேல கீது, நான் பாட்டுக்கு கிரேன் ஓட்டிக்கினு கீறேன். போனா என் உசுரு போவுது. எனக்கே பேஜாரு இல்ல, உங்களுக்கு இன்னா?"

கல்யாணமான வைகாசியில், இருட்டியதும் எல்லோரையும் மொட்டை மாடிக்கு அழைத்தார். தென்கிழக்கே கைகாட்டி, "அதான் தேளு. நடுவுல செவப்பா கீதே, அதான் உன் நட்சத்திரம்" என்றார். நான் பயபக்தியோடு கும்பிட்டேன்.

"அய்ய, அது செல்போன் டவர் லைட்டும்மா! இன்னும் மேல பாரு!"

அவர் சிரித்த சிரிப்பில் மாமியாரும் சிரித்துவிட்டார். பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. தலைக்கு மூன்று நட்சத்திரம், நடுவில் சிவப்பாக ஒன்று, கீழே கொக்கி போல வளைந்த வால். என்னை அத்தனை வருஷம் அழவைத்த தேள் இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.

நாங்கள் வேப்பம்பட்டுக்குக் குடிவந்த பிறகு, வைகாசி தோறும் அவரிடமிருந்து போன் வரும். "இன்னா கேட்டையம்மா, உன் தேளு வந்துடுச்சு. நான் இன்னும் கீறேன், பாத்துக்கோ!"

சாவு வீட்டில், "எத்தினி வருசம் ஆனா இன்னா, கேட்டை காட்டிடுச்சு பாத்தியா" என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. மாமாவின் மனைவி காஞ்சனா அக்கா அருகில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காரியம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அதன் பிறகு அவரிடம் பேசவும் இல்லை.

இந்த வைகாசியில் நான் மாடிப்பக்கமே போகவில்லை. ஒருநாள் விளக்கு வைத்த நேரத்தில் போன் அடித்தது. மாமாவின் நம்பர். எடுத்தேன்.

"இன்னா கேட்டையம்மா..." காஞ்சனா அக்காவின் குரல் உடைந்தது. "உன் தேளு வந்துடுச்சு. மாடிக்கு வா. நான் ஒண்டியா பாத்துக்கினு கீறேன்."

போனைக் காதில் வைத்தபடியே அழுதுகொண்டு படியேறினேன். மாமா எனக்கு வைத்த பெயர் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட அக்கா இருக்கிறார்.