லீவு நாள் உப்பு

என் வீட்டுக்காரர் பிரசங்கத்தைக் காதில் வாங்குகிற ரகம் இல்லை. மாதா கோயிலில் கடைசித் தூணில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார். வாரம் முழுக்க உப்பளத்து வெயிலில் உப்பு வாருகிற பலகை இழுக்கிற மனுஷனுக்கு நிழலில் உட்காரக் கிடைப்பது சாமியார் பேசுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான். நானும் எழுப்ப மாட்டேன்.

அந்த மே தினத்தில் மட்டும் விழித்துக்கொண்டிருந்தார். இயேசுவை வளர்த்த, தச்சு வேலை செய்த சூசையப்பருக்கு அன்று திருநாள். எங்கள் பங்குச் சாமியார் உப்பளத்துக்காரர்களைப் பார்த்தே பேசினார். போட்ட பணத்தைவிட உழைக்கிற மனிதன் பெரியவன், சொத்து ஒருத்தர் பெயரில் இருந்தாலும் அதன் பலன் எல்லோரையும் சேர வேண்டும், ஓய்வு என்பது உரிமை, பிச்சை இல்லை என்றார். ஒருவன் செய்கிற வேலையில் அவனே கொஞ்சம் கலந்திருக்கிறான் என்றும் சொன்னார். முதல் வரிசையில் எங்கள் முதலாளி தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான்.

வெளியே வந்ததும் இவர், "கேட்டியா, நாம வார்ற உப்புல நாமளும் இருக்கோமாம்" என்றார்.

"வேர்வை அவ்ளோ கொட்டுதே, இல்லாமலா இருக்கும்" என்றேன். சிரித்தார்.

அந்தச் சூட்டோடு சாமியாரை அழைத்துக்கொண்டு இவரும் இன்னும் நாலைந்து பேரும் முதலாளி வீட்டுக்குப் போனார்கள். கோடையில் ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் உப்பு வாருவோம். அதற்கு லீவு கேட்டார்கள். சாமியார் முகத்துக்கு எதிரே அவரால் மறுக்க முடியவில்லை. என்னோடு கூடை சுமக்கிற பிரம்மதேசம் ஊர்க்கார அக்கா வேறு சாமி கும்பிடுகிறவர்; "எந்தச் சாமி லீவு குடுத்தா இன்னா, இடுப்பு ஒடியாம இருந்தா சரி" என்றார்.

கொஞ்ச நாள் அந்த லீவை அனுபவித்தோம். ஒரு சனிக்கிழமை ஆம்பளைகள் வாரிய உப்பை வரப்பில் குவித்துவிட்டு, வானம் வெளுப்பாக இருந்ததால் தார்ப்பாய் போடாமல் வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை சுமந்துகொள்ளலாம் என்று நினைப்பு. மறுநாள் மதியம் சோற்றில் கை வைத்தபோது மேற்கே கருத்தது. இவர் எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க?"

"குவியல் தொறந்து கெடக்குது. மூடிட்டு வந்துடறேன்."

"லீவு கேட்டு வாங்கினதே நீங்கதான். மொதலாளி உப்பு, அவரு பார்த்துக்குவாரு."

"நாம வாருன உப்பும்மே" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

உப்பளத்தில் ஆளைவிட உயரமாக எதுவும் நிற்காது. இடி விழுந்த சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது வரப்பில் கிடந்தார். தார்ப்பாயின் ஒரு முனை கையில் இருந்தது. குவியலில் பாதி மூடியிருந்தது, மீதி மழையில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளி அடக்கத்துக்கு வந்தார், மாலை போட்டார், அழவும் செய்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: என் புருஷன் வேலையில் செத்தார் என்று ஒரு வார்த்தை, நாலு பேர் முன்னால்.

"நான் கூப்பிடலையேம்மா. அன்னிக்கு லீவு. நீங்க கேட்ட லீவுதானே?" என்றார்.

சாமியாரும் எனக்காகப் போய்ப் பேசினார். "ஞாயித்துக்கெழமை வேலை கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க ஃபாதர்" என்று பதில் வந்ததாம். அதை என்னிடம் சொல்லும்போது சாமியார் குரல் உடைந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. கோயிலில் தூங்குகிற மனுஷனைத் தூங்க விட்டிருக்கலாமே என்றுதான் ஆத்திரம் வந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பை வாரியவரை நினைக்க யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது.

வெயில் திரும்பியதும், அவர் மூடிக் காப்பாற்றிய அந்தப் பாதிக் குவியலை ஏற்ற லாரி வந்தது. பிரம்மதேசத்து அக்கா, "நீ வராதே, நாங்க தூக்கிக்கிறோம்" என்றார். அடுப்பு எரிய வேண்டுமே, நான் போனேன். கூடை கூடையாகச் சுமந்து கொட்டினேன். வரப்பு காலியானதும் மேஸ்திரி எல்லோருக்கும் கொடுத்ததுபோல எனக்கும் கூலியை நீட்டினார். அதுவரை வராத அழுகை அங்கே வந்தது. அந்த உப்பை நான் தூக்கியதற்கு வேலை என்று பெயர். அதே உப்பை அவர் மூடியதற்குப் பெயரே இல்லை.