கூட வந்த புளியங்கிளை

யுத்தத்தினால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் நின்றுபோனதிலிருந்து, சுங்குடிச் சேலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உசிலம்பட்டிக் கணவாய் வழியே தனியாகத்தான் போய்வருகிறேன். பிரேக் மட்டும் போதாத இறக்கத்தில் வேகம் குறைய, எல்லோரையும்போல நானும் பின்னால் ஒரு புளியங்கிளையைக் கட்டி இழுத்துச் செல்வேன். அது சரசரத்து வருவது, யாரோ கூட வருவதுபோல் இருக்கும்.

சென்ற மாதம் பாதி இறக்கத்தில் அந்தச் சத்தம் நின்றது. கூட வந்தவரை விட்டுவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தேன். கயிறு அறுந்திருந்தது. அதற்குள் சைக்கிள் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. ஓரக்கல் தடுத்ததால் முழங்கால் காயத்தோடு போயிற்று.

எதிரே ஏறிவந்த வண்டிக்காரர் தூக்கிவிட்டார். "திரும்பிப் பாத்தீகளே, பின்னால யாரும் வாராகளாண்ணே?"

"யாருமில்லப்பா."

இப்போது இரட்டைக் கயிறு கட்டுகிறேன். சத்தம் நின்றாலும் திரும்புவதில்லை, பிரேக்கைத்தான் பிடிக்கிறேன். ஆனால் சமதரைக்கு வந்ததும் கிளையை அவிழ்க்க மனம் வருவதில்லை. ஊர் தெரியும்வரை வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.