ஒருமனதாக எழுதிய தீர்மானம்

எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு ஆறு வருடம் நான்தான் செயலாளர். கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் வாசலிலேயே வெற்றுத்தாளின் கீழ்ப்பாதியில் கையெழுத்து வாங்கிவிடுவது எங்கள் வழக்கம். பேசி முடித்து, டீ குடித்ததும் ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிறகு வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து, மேல்பாதியில் தீர்மானத்தை நான் எழுதுவேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குக் கர்வம் வேறு.

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கள் தெரு வழியாகத்தான் இறங்கும். அங்கே மழைநீர்க் கால்வாய் போடலாமா, மக்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று மாநகராட்சியில் கேட்டார்கள். கூட்டம் போட்டோம். கால்வாய் தோண்டினால் வீட்டு வாசல் சரிவை எல்லாம் உடைப்பார்கள், காரை ஏற்ற முடியாது. எல்லோரும் வேண்டாம் என்றார்கள். எனக்கும் கார் உண்டு.

தெருமுனையில் இஸ்திரி வண்டி போடும் அம்மா மட்டும் கடைசியில் நின்றபடி பேசினார். பின்னால் பள்ளமாக இருக்கும் தெருவில் வாடகைக்கு இருப்பவர்.

"கால்வா வந்தா எங்க வூட்டுல தண்ணி பூராது சார். எப்டியாவது போடச் சொல்லுங்க."

"எழுதிக்கிறேம்மா" என்றேன்.

எழுதவில்லை. 'கால்வாய் வேண்டாம் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். ஒருமனதாக என்று போட்டால்தான் ஆபீசில் மதிப்பார்களாம். பெரிய மேதாவி நான்.

அடுத்த மழையில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதெல்லாம் வழிந்துபோய்ப் பின்தெருவில் இடுப்பளவு நின்றது. இஸ்திரிக்குப் போட்டிருந்த எங்கள் துணி மூட்டைகளை அந்த அம்மா பரணில் ஏற்றிக் காப்பாற்றிவிட்டார். அவருடைய அரிசி, பாய், மகளின் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. என் சட்டைகள் மடிப்புக் கலையாமல் வந்தன.

தண்ணீர் வடிந்ததும், கால்வாய் ஏன் வரவில்லை என்று ஆபீசில் போய்க் கேட்கத் துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டார். எந்த முகத்தோடு மறுப்பது? போனேன். பொறியாளர் கோப்பைப் பிரித்து அந்த அம்மா பக்கம் திருப்பினார்.

"நீங்களே வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. இதோ உங்க கையெழுத்து."

நான் எழுதிய தீர்மானத்துக்குக் கீழே, எழுத்துக் கூட்டிப் போட்ட அவர் பெயர். அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சே, நானெல்லாம் ஒரு மனுஷனா? மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர்தான் முதலில் பேசினார்.

"நான்தான் புரியாம போட்டுட்டேன் போல கீது சார். உங்களையும் வீணா அலைய வெச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவாயில்லம்மா" என்றேன்.

அவரை நான் மன்னித்துவிட்டேன்.