மூன்று நாள் காட்டாத கன்று

பாக்கியமேரி என்ற பெயரைச் செவ்வந்தி முதன்முதலில் கேட்டது நடவு வயலில், முழங்கால் சேற்றில் நின்றபடி. அண்ணன் சின்னப்பையனுக்குப் பெண் பார்க்கப் போன தாய்மாமன் வரப்பிலிருந்தே கத்தினார்.

"திருமுக்கூடல் பக்கம் முடிச்சிட்டேன்! பொண்ணு பேரு பாக்கியமேரி!"

குனிந்து நட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிரவேயில்லை. "பாக்கியமா, மேரியா, ஒண்ணு சொல்லுடா. முழுசா கூப்டுறதுக்குள்ள பொயுது பூடும்" என்றாள். வயலே சிரித்தது.

அது முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. சின்னப்பையனும் இல்லை, மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம். அவன் விட்டுப்போனது ஒரே ஒரு கறவை மாடு. அந்த ஒன்றை மூன்றாக்கினாள் பாக்கியமேரி. இரண்டு வேளையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றினாள். அவள் மகள் உத்திரமேரூரில் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய் நர்சிங் படிப்பது அந்த மாடுகளின் மடியை நம்பித்தான். கொட்டகை போனால் மாடு போகும். மாடு போனால் படிப்பு போகும். தெருவில் இது தெரியாதவர் கிடையாது. தெரிந்தும்தான் ஒருத்தர் மனு எழுதினார்.

பாக்கியமேரியின் வீடு காலனியின் முதல் வீடு. சந்துக்கு அந்தப் பக்கம் ஊர்த்தெருவின் கடைசி வீடு, சொக்கம்மாளுடையது. சொக்கம்மாள் தினமும் விடிந்ததும் வாசல் தெளிக்கச் சாணி வாங்க வாளியோடு வருவாள். மாட்டுக்கு வைக்கோல் அவள் வயலிலிருந்துதான் வரும். சாணி ஆகும், பாலும் ஆகும். பாக்கியமேரி வீட்டுச் சொம்பு மட்டும் ஆகாது. தன் பாத்திரத்தை நீட்டுவாள், இவள் தூக்கி ஊற்றவேண்டும். செவ்வந்திக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அண்ணி மட்டும், "வுடு செவந்தி, பயகிப்போச்சி" என்பாள்.

போன வருஷம் முதல் மொட்டை மனு வந்தது. எரு நாறுகிறதாம். பாக்கியமேரி எருக்குழியை மூடி, வீட்டுக்குப் பின்னால் வேறு தோண்டினாள். ஆடியில் இரண்டாவது. மாட்டு மூத்திரம் சந்தில் ஓடுகிறதாம். உறிஞ்சுகுழி வெட்டி ஜல்லி கொட்டினாள். இரண்டு தடவையும் கை காய்த்தது அவளுக்கு. எழுதியவர் யாரோ, நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் செவலை மாடு கன்று போட்டது. பாக்கியமேரி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனால் மாட்டு விஷயத்தில் மாமியார் சொல்லிக்கொடுத்ததே சட்டம். கன்று பிறந்து மூன்று நாள் யார் கண்ணிலும் காட்டக்கூடாது. கொட்டகைக்குச் சாக்குப் படுதா தொங்கும். பால்காரர் கேட்டால்கூட, "இன்னும் போடலபா" என்பாள். இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. வைக்கோல் கொடுத்த வீட்டுக்கு முதல் சீம்பால். அது மரியாதை.

அன்றைக்கும் அப்படித்தான். சொக்கம்மாள் தூக்கோடு வந்தாள். பாக்கியமேரி சீம்பாலை ஊற்றிவிட்டு, படுதாவை விலக்கி, "பாருங்கம்மா, உங்க வூட்டு வைக்கோல்ல வளந்தது" என்று பெருமையாகக் காட்டினாள். கன்று கருப்பு, நெற்றியில் காசு அளவுக்கு வெள்ளைப் பொட்டு. பக்கத்து வீட்டுக்காரியான செவ்வந்தியும் பார்த்தாள். மகள் அந்த வாரம் பயிற்சிக்காக ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பஞ்சாயத்து கிளார்க் வசந்த்குமார் பைக்கில் வந்து நோட்டீஸை நீட்டினான். ஏழு நாளில் கொட்டகையைச் சந்திலிருந்து எடுக்கவேண்டும்.

"யாருபா எழுதினது?"

"பேரு போடலக்கா. நேத்து மனுப் பொட்டில போட்டுட்டுப் போய்க்கீறாங்க."

"பேரு போடாத மனுவைக் கிழிச்சிப் போடணும்னு நீதானே போன தபா சொன்ன? இதுக்கு மட்டும் எப்டி கால் முளைச்சி எங்கூட்டாண்ட வந்துது?"

"மேல படிச்சிட்டாங்கக்கா. நா இன்னா பண்றது?"

"படி. எனக்கும் படிச்சிக் காட்டு."

அவன் முணுமுணுவென்று படித்தான். சந்து அடைபட்டிருக்கிறது, கொசு, நாற்றம். அப்புறம் ஒரு வரி: 'மூன்று மாடுகள் போதாதென்று தற்போது நெற்றியில் வெள்ளைப் பொட்டுள்ள கருப்புக் கன்றும் கட்டப்பட்டுள்ளது.'

பாக்கியமேரி படுதாவைப் பார்த்தாள். அப்புறம் செவ்வந்தியைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் செவ்வந்திக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா அண்ணி, என்னைப் பாக்குற?"

"இல்லடி." பாக்கியமேரியின் குரல் இறங்கிப்போனது. "உன்னைப் பாக்க வெச்சிட்டாளே, அதான்டி ஆத்திரமா கீது."

வெள்ளிக்கிழமை காலை சொக்கம்மாள் வழக்கம்போல வாளியோடு வந்தாள். பாக்கியமேரி படுதாவை அறுத்து எறிந்துவிட்டு, கன்றை நடுச்சந்தில் கட்டி, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாமே, மூணு நாள் ஆவல, அதுக்குள்ள வெளிய கட்டிகினுகீற? கண்ணு படப்போவுது."

"பட்டாச்சி. மனுவுல எழுதற அளவுக்குப் பட்டாச்சி."

"நா எழுதலமே! எழுதியிருந்தா என் கண்ணு அவிஞ்சி பூடும்!"

"அவியட்டும். இந்தப் பொட்டைப் பாத்தது மூணு பேரு. நானு, என் நாத்தனா, நீ."

முப்பது வருஷத்தில் பாக்கியமேரி அவளை 'நீ' என்று சொன்னது அன்றுதான். சொக்கம்மாளுக்கு முகம் கறுத்தது. கதவுகள் திறந்தன. குழாயடியில் நின்றவர்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள்.

"ஆமா, எழுதினேன்! இன்னா இப்ப? எம்புள்ள தினகரன் காரு வாங்கிக்கீறான். உன் கொட்டாய் கம்பத்தால சந்துல திரும்பல. வாயால சொன்னா நீ கேப்பியா?"

"ஒரு தபா, ஒரே ஒரு தபா சொல்லிப் பாத்தியா? தெனம் வாளியத் தூக்கிகினு வர்ற வாயிதானே? சீம்பாலு தொண்டையில எறங்குறதுக்குள்ள பேனா எடுத்துட்டியே! என் சொம்பு தீட்டு, என் வயித்துல அடிக்கிறது மட்டும் தீட்டு இல்லியா?"

யாரோ, "வுடு மேரி, பெரியவங்க" என்றார்கள். "பெரியவங்கன்னா பேரு போட்டு எழுதச் சொல்லு" என்று அவள் திரும்பினாள். சொக்கம்மாள் காலி வாளியோடு போனாள்.

அன்று மாலையே பாக்கியமேரி மனு எழுதவைத்தாள். கீழே தன் பெயரை முழுசாக, எழுத்து எழுத்தாகப் போட்டாள். சந்தை இரண்டு பக்கமும் அளக்கவேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை சர்வேயர் வந்து டேப் பிடித்தார். கொட்டகைக் கம்பம் சந்தில் ஒன்றரை அடி. கார் ஏறச் சொக்கம்மாள் வீட்டார் போட்ட சிமெண்ட் சரிவு இரண்டரை அடி.

"எனக்கு ஏழு நாளு. அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"வரும்கா, நோட்டீஸ் வரும்" என்றான் வசந்த்குமார், பைக்கை உதைத்துக்கொண்டே.

ஆறாம் நாள், கொட்டும் மழையில், பாக்கியமேரியும் செவ்வந்தியும் கம்பங்களைப் பிடுங்கி ஒன்றரை அடி உள்ளே நட்டார்கள். கூரை போட்டு முடிய மேலும் நான்கு நாள் ஆனது. அதுவரை மாடுகள் வீட்டுக் கூடத்தில் நின்றன. மகள் மாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். அந்த இன்னொரு நோட்டீஸ் இதுநாள்வரை வரவில்லை. சிமெண்ட் சரிவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் செவ்வந்தி காலை ஓங்கி வைத்துத்தான் நடக்கிறாள்.

பாக்கியமேரி இப்போது அதே சந்தில், அதே வீட்டில் இருக்கிறாள். மூன்று மாடும் ஒரு கன்றும் இருக்கின்றன. வைக்கோல் திருப்புட்குழியிலிருந்து வருகிறது. சொக்கம்மாள் வீட்டுக்குச் சாணி போவதில்லை.