பிலாரும் ஆரஞ்சு மேலங்கியும்

சிட்னியின் நார்த்மீட் பகுதியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடப் போகும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. சாலை நடுவே மஞ்சள் மேலங்கியோடு நின்று, பலகையைப் பிடித்துப் பிள்ளைகளைக் கடக்கவிடுகிற அம்மாளைப் பார்த்துத்தான். பாவம், அவர் ஒரு தப்பும் செய்வதில்லை. நான்தான் காருக்குள் முணுமுணுப்பேன். "வை ஆர் யூ மேட் அட் ஹர், அப்பா?" என்று நேற்று மகள் கேட்டாள். பதில் சொல்வதற்குள் பள்ளி வந்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து வந்து முதல் வேலையில் சேர்ந்தபோது, ஸ்ட்ராத்ஃபீல்டில் பரமேஸ் அன்ரி வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள். பக்கத்து அறையில் பிலார் என்ற ஸ்பெயின்காரப் பெண்மணி. காலையில் கண் விழித்தால் ஒரு பக்கம் ஆலிவ் எண்ணெயில் பூண்டு பொரியும் மணம், மறுபக்கம் அன்ரியின் சம்பல். இருவருக்கும் இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அதை வைத்துக்கொண்டு அந்தக் குசினியில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். எனக்குத்தான் தேநீர் போட இடம் கிடைக்காது.

பிலார் மாட்ரிட்டில் பெயர் பெற்ற நாடக நடிகை. பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரில் மருமகளைத் துரத்தியடிக்கும் மாமியார். சந்தையில் மீன்காரி அவருக்கு மீன் தர மறுத்தாளாம், அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார். தொடர் முடிந்தது. மாமியாரை வேறு வேடத்தில் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. மெல்பர்னில் தங்கை இருந்ததால் ஆஸ்திரேலியா வந்தார், வாய்ப்புத் தேடி சிட்னிக்கு வந்தார். இங்கே கிடைத்தது பாஸ்தா விளம்பரத்தில் இத்தாலியப் பாட்டி வேடம். "நான் ஸ்பெயின்காரி!" என்று ஒரு வாரம் வீட்டில் கத்தினார், எங்களிடம்தான்.

ஒத்திகைக்கும் நான்தான் அகப்பட்டேன். பல் துலக்கிக்கொண்டிருப்பேன். "நீ பாதிரியார், அங்கே நில்" என்பார். வாயில் நுரையோடு நிற்பேன். "பாதிரியார் இப்படியா கூனுவார்?" ரயில் போய்விடும். அலுவலகத்தில் என்ன காரணம் சொல்வது?

கடைசியில் ஒரு நிஜமான வாய்ப்பு வந்தது. தினமும் மாலையில் வரும் தொடரில், பள்ளி வாசலில் சாலை கடக்கவிடும் பெண். எல்லா வாரமும் வருவார், வசனமும் உண்டு. அன்ரி வடை சுட்டார். பிலார் உடையைப் பற்றி விசாரித்தார், மஞ்சள் மேலங்கி என்றார்கள். முடிந்தது கதை. அவர்கள் ஊரில் நடிகர்களுக்கு மஞ்சள் ஆகாது. எப்போதோ ஒரு நடிகர் மஞ்சள் உடுப்போடு மேடையில் சரிந்து செத்தாராம். நான் தொலைபேசியில் மன்றாடி, ஆரஞ்சு மேலங்கிக்குச் சம்மதம் வாங்கினேன். என் வேலைக்குக்கூட நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

முதல் நாள் படப்பிடிப்பு. விடிந்ததும் அறைக்கு வெளியே பிலார் வீறிட்ட சத்தம். மேசையில் வைத்திருந்த வசனப் பிரதியை அன்ரி எடுத்துப்போய்ச் சாமிப் படத்தின் முன் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தார், கல்யாண அழைப்பிதழுக்குப் பூசுவது போல.

"அன்ரி, அவங்களுக்கு மஞ்சள் ஆகாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் உடுப்பிலயே பூசினனான் தம்பி? கடதாசியிலதானே! நல்ல காரியம், வெறுமனே அனுப்பேலுமோ?"

பிலார் அறையைச் சாத்திக்கொண்டார். "இன்று போனால் என் தொழில் போச்சு" என்றார். போகாவிட்டாலும் போச்சுதானே! கதவைத் தட்டித் தட்டிச் சொன்னேன். வாசலில் கார் காத்திருந்தது, பிறகு போய்விட்டது. அந்த வேடம் வேறொருத்திக்குப் போனது. அடுத்த மாதமே பிலார் மெல்பர்னில் ஸ்பிரிங்வேலுக்கு, தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்ரி அதன்பின் தினமும் அந்தத் தொடரைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். "இவளுக்கு நிக்கவே தெரியேல்லை. பிலார் எண்டால் எப்பிடிச் செய்திருப்பா!" நான் மெல்பர்னுக்குத் தொலைபேசியில் பேசினால், "என்னோட இன்னும் கோவமோ எண்டு கேளுங்கோ" என்று பக்கத்தில் வந்து நிற்பார். அந்த முனையில் பிலார், "பரமேஸுக்கு என் மேல் கோபமா?" என்று கேட்பார். "நீங்களே பேசுங்களேன்!" என்று நீட்டினால் அன்ரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிலாரும் சட்டென்று வைத்துவிடுவார். நடுவில் நான், கையில் தொலைபேசியோடு. வருடக்கணக்காக இதே கூத்து. இரண்டு பேரையும் உலுக்க வேண்டும் போலிருக்கும்.

அந்தத் தொடர் நின்றது. அன்ரி போனார். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அன்ரி இறந்ததைச் சொல்ல நான் ஸ்பிரிங்வேலுக்குப் பேசியபோது, வாய் ஓயாத அந்த மனுஷி, எப்போது, எப்படி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் அன்றைக்கு அந்தக் காரில் ஏறியிருக்க வேண்டும். அவள் நல்லதுக்குத்தானே செய்தாள்" என்றார்.

இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம்? போன வருடம் பிலாரும் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் மட்டும் தீரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அன்ரி எத்தனை வருடம் என் பக்கத்தில் வந்து நின்றார்!