பேரம் பேசி வாங்கிய ஸ்கூட்டர்

அக்கா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள் என்று சொன்னால் நர்ஸா என்று கேட்பார்கள். இல்லை. கட்டடத்தின் பின்பக்கம், கொதிகலன் அறைக்கு அடுத்த கூடத்தில், துவைத்து வந்த துணிகளை மடித்துக் கொண்டிருந்தாள். ஆபரேஷன் அறைக்குப் போகும் அங்கிகள் அவள் பொறுப்பு. அங்கியை உட்புறம் வெளியே தெரியும்படி மடிக்க வேண்டும். போட்டுக்கொள்ளும் டாக்டரின் கை உட்பக்கத்தை மட்டுமே தொட வேண்டும். ஒரு மடிப்பு தவறினாலும் மறுபடியும் வெந்நீருக்குப் போய்விடும். அக்கா மடித்தது திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆபரேஷன் அறைக்கு அவளே போக வேண்டியிருந்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. இப்போதைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் என்றைக்காவது திறந்து சரிசெய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியாள் என்றால் நாங்கள் நினைத்துப் பார்க்க முடியாத செலவு. நிரந்தர ஊழியர் என்றால் இலவசம். அக்கா தற்காலிகம். அந்த வருடம் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. யாரை என்று சூப்பர்வைசர்தான் மேலே சொல்ல வேண்டும். வேலையில் குறை இருக்கக்கூடாது, தாமதம் இருக்கக்கூடாது.

வேலையில் குறை இல்லை. தாமதம் மட்டும் இருந்தது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, பாலத்தடியில் இறங்கி இன்னொன்று மாறிப் போவதற்குள் கைரேகை மெஷின் சிவப்பு காட்டிவிடும். அதனால்தான் ஸ்கூட்டர்.

சூப்பர்வைசர் தன் பழைய ஸ்கூட்டரை விற்கப்போகிறார் என்று சொன்னவள் சுருட்டை. அக்காவுடன் ஒரே மேஜையில் மடிப்பவள். தலைமுடியால் வந்த பெயர். அவர் வீட்டில் எது பழசானாலும் அந்தக் கூடத்தில்தான் விலைபோகும். ஒருத்தி கட்டில் வாங்கியிருந்தாள், ஒருத்தி மிக்ஸி. சுருட்டை வாங்கிய ஃப்ரிட்ஜ் குளிரவே இல்லை.

"அப்புறம் என்னடி பண்றே அதை?" என்று அக்கா கேட்டாளாம்.

"புடவை அடுக்கி வெச்சிருக்கேன். பூச்சி வராது."

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். ஸ்கூட்டர் ஒரு பழைய திரைச்சீலைக்கு அடியில் நின்றது. அவர் விலையைச் சொன்னார். அத்தான் தலையை ஆட்டப் போனார். அக்கா அதற்குள் வண்டியைச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டாள். கீரைக்கட்டு வாங்கினாலும் சரி, தையல் மெஷின் வாங்கினாலும் சரி, சொன்ன விலைக்கு வாங்கினால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"டயர் வழவழன்னு இருக்கு சார். சீட்டு கிழிஞ்சிருக்கு. செல்ஃப் எடுக்கல, உதைச்சுத்தான் கிளப்பணும்போல. இதுக்குப் போய் இவ்வளவு சொல்றீங்களே."

"என்னம்மா, எங்கிட்டயே பேரம் பேசுறே?"

"வியாபாரம்னு வந்துட்டா நீங்க சார் இல்ல, சார்."

வாசலில் நின்ற அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். அக்கா கடைசியில் தான் கேட்ட விலைக்கே வாங்கினாள். சாவியை அவர் அவள் கையில் கொடுக்கவில்லை. சீட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் அக்கா தன் சாமர்த்தியத்தையே பேசிக்கொண்டு வந்தாள்.

சுருட்டை கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாளாம்.

"பேரமா பேசினே? அந்த ஃப்ரிட்ஜுக்கு அவர் கேட்டதை அப்படியே குடுத்தேனே, அது ஃப்ரிட்ஜுக்குக் குடுத்த காசுன்னா நெனச்சே?"

"அப்ப எதுக்காம்?"

"உனக்கு மடிக்க மட்டும்தான் தெரியும்."

வண்டி மோசமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெயில் காலம் முழுக்க ஒழுங்காக ஓடியது. அக்கா மணி அடிப்பதற்கு முன்பே போய்க் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். மழை தொடங்கியதும் குணம் மாறியது. ஈரம் பட்டால் உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு உதை உதைத்துவிட்டு அவள் ஹேண்டிலைப் பிடித்தபடி மூச்சு வாங்குவாள். "நான் உதைக்கிறேன், விடு" என்று அத்தான் வருவார். வீட்டு வாசலில் சரி. வழியில் நின்றால் யார் உதைப்பது?

ஒருநாள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரிலேயே நின்றுவிட்டது. பின்னால் சூப்பர்வைசரின் கார் வந்தது. கண்ணாடியை இறக்கினார்.

"என்னம்மா, மக்கர் பண்ணுதா?"

"ஆமா சார். பிளக்ல தண்ணி போயிடுச்சு."

"விலை கம்மியா வாங்கினா அப்படித்தான்."

கார் உள்ளே போனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அக்கா போய்ச் சேர்ந்தபோது மெஷின் சிவப்பு காட்டியது. அந்தச் சிவப்பை அவரால் அழிக்க முடியும். சுருட்டையின் பஸ் தாமதமானால் 'வார்டில் துணி எடுக்கப் போயிருந்தார்' என்று எழுதிவிடுவார். கட்டில் வாங்கியவளுக்கும் எழுதுவார். அக்காவுக்கு அந்த மழைக்காலத்தில் ஒரு தடவைகூட எழுதவில்லை.

"குறைச்ச காசைக் கொண்டுபோய்க் குடுத்துடு" என்றாள் சுருட்டை.

"வாங்கின பொருளுக்கு ரெண்டு தரம் காசு குடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

அப்படிச் சொன்னவள்தான் அடுத்த வாரம் ஒரு கவரை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். மாடியேறியதில் மூச்சு முட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அதை மட்டும்தான் எங்களிடம் சொன்னாள். மீதியைச் சுருட்டை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவர் கவரைத் தொடவில்லை.

"அதான் அன்னிக்கே பேசி முடிச்சாச்சேம்மா. வியாபாரம்னா வியாபாரம்."

நிரந்தரமானவர்களில் சுருட்டை இருந்தாள். கட்டில் வாங்கியவள் இருந்தாள். அக்காவைக் கூப்பிட்டு, வேலை நன்றாக இருந்தாலும் நேரத்துக்கு வருவதில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். சுருட்டை அழுதாள். அக்கா அவளுக்கு ஒரு தூக்குச் சட்டி வாங்கிக் கொடுத்தாள். அதிலும் கடைக்காரனிடம் பேசிக் குறைத்துத்தான்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. வெயில் திரும்புவதற்குள் அக்காவுக்குக் கால் வீங்கியது, பிறகு படுத்தால் மூச்சுவிட முடியவில்லை. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனோம். கவுண்டரில் இருந்த பெண் அக்காவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நிரந்தரமா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப அந்த வரிசை சார்." அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

வெளியாட்களின் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. நாங்கள் கேட்காத இடம் இல்லை. அத்தான் வீட்டை விற்க ஆள் பார்த்தார். ஆள் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி வரை ஆபரேஷன் அறைக் கதவைக்கூட அவள் நோயாளியாகப் பார்க்கவில்லை.

காரியத்துக்கு மறுநாள் சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். அத்தான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் சுவரோரம் நின்றேன். அவர் அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"உங்க வீட்டம்மா மாதிரி ஆள் கிடைக்கமாட்டாங்க" என்றார். "மழையானாலும் வெயிலானாலும் ஒருநாள்கூட லேட்டா வந்ததில்ல."

அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆமாங்க சார்" என்றார்.